கட்டிங் ஆர்டர் வரும் வரை

புதுச்சேரி இந்திரா காந்தி சிலையிலிருந்து வில்லியனூர் போகும் சாலையில், ரெட்டியார்பாளையம் தாண்டினால் மூலக்குளம். உழவர்கரை நகராட்சியைச் சேர்ந்த இடம். மாதம் 25ஆம் தேதி வாக்கில் இங்கே ஏதாவது ஒரு தெருவில் நாலு வீட்டுக் கதவைத் தட்டினால், நாலிலும் “கையில காசு இல்லீங்க” என்ற பதில் வர வாய்ப்புண்டு. முதல் வீடு அரசு ஊழியருடையது. வண்டித் தவணையும் வீட்டுத் தவணையும் போக மிச்சம் தீர்ந்துவிட்டது. ஆனால் சம்பளம் வரும் தேதி அவருக்குத் தெரியும். அவருடைய பற்றாக்குறை ஐந்து நாள் அகலம் கொண்டது. இரண்டாவது வீட்டில் ‘சொல்தா’ குடும்பம். தாத்தா பிரெஞ்சுப் படையில் இருந்தவர். 1962 ஆகஸ்ட் 16இல் ஒப்பந்தம் நடப்புக்கு வந்தபோது ஆறு மாதக் கெடுவுக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டவர்களில் ஒருவர். பாட்டிக்கு யூரோவில் பென்ஷன் வருகிறது. அந்த வீட்டில் காசு இல்லை என்றால், பேரன் பாரிசுக்குப் போக விமான டிக்கெட் எடுக்கக் காசு இல்லை என்று பொருள். மூன்றாவது வீட்டில் கட்டட வேலைக்குப் போகும் சித்தாள். மூன்று நாள் மழை அடித்தால் நான்காம் நாள் அடுப்பு யோசிக்கும். நான்காவது, காய்கறி விற்கும் அம்மா. அவர் சுருக்குப் பையில் ஆயிரம் ரூபாய் இருக்கிறது. ஆனாலும் காசு இல்லை. அது தண்டல்காரருடையது.

புள்ளிவிவரக் கணக்கெடுப்பு இந்த நான்கு வீடுகளையும் மாத வருமானம் என்ற ஒரே கட்டத்துக்குள் நான்கு எண்களாக எழுதிக்கொண்டு போய்விடும். அந்த எண்கள் பொய்யில்லை. ஆனால் ஒருவருக்குக் காசு இல்லாமை என்ன செய்கிறது என்று தெரிய வேண்டுமானால் வேறு இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும்: அடுத்த காசு எப்போது வரும்? அதுவரை யாரிடம் போய்க் கேட்க முடியும்? கடந்த பதினைந்து, இருபது ஆண்டுகளில் இந்த இரண்டு கேள்விகளைப் பற்றியும் உலகம் பேசும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. இரண்டுக்குமே களம் இதே சுற்றுவட்டாரம்தான் என்பது உள்ளூர்க்காரர்களுக்கே அவ்வளவாகத் தெரியாது.

மூலக்குளத்தைத் தாண்டி இந்தச் சாலை வில்லியனூர், அரியூர், கண்டமங்கலம் வழியாக விழுப்புரம் போகிறது. போகப் போகக் கரும்பு. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் சிறு விவசாயி ஒருவர் கரும்பு வைத்தால், அது அவருக்கு ஆண்டுக்கு ஒரு தரம்தான் பெரிய பணமாக மாறும். வெட்டி ஆலைக்கு அனுப்பிப் பணம் கைக்கு வந்த மாதத்தில் அவர் வசதியானவர். அடுத்த வெட்டுக்கு முந்தைய மாதங்களில் அதே ஆள் ஏழை. அதே நிலம், அதே படிப்பு, அதே குடும்பம். ஏழையையும் பணக்காரரையும் ஒப்பிடும் ஆய்வாளர்களுக்கு எப்போதும் ஒரு தொல்லை உண்டு: அவர்கள் வேறு வேறு ஆட்கள். பள்ளிக்கூடம் வேறு, சாப்பாடு வேறு, வளர்ப்பு வேறு. வித்தியாசம் எதனால் வந்தது என்று சொல்ல முடியாது. இங்கேயோ ஒரே ஆள் தனக்குத்தானே ஒப்பீடாக நிற்கிறார்.

இதைப் பிடித்துக்கொண்டவர்கள் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவோ ஆகிய நால்வர். முல்லைநாதன் தமிழ்நாட்டுக் கிராமமொன்றில் பிறந்து சிறு வயதிலேயே அமெரிக்கா போனவர். பொருளாதாரம் அவர் துறை. ஷாஃபிர் உளவியல்காரர். 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்பும் பின்பும் சந்தித்து, இரண்டு தடவையும் ஒரே மாதிரியான புதிர்களைக் கொடுத்தார்கள். ஒன்று, வடிவங்களின் வரிசையில் விடுபட்ட துண்டைக் கண்டுபிடிக்கும் ரேவன் சோதனை. எழுத்தறிவு தேவையில்லை, யோசனை ஓடினால் போதும். மற்றொன்று எண் விளையாட்டு: ‘5 5 5’ என்று காட்டி, எத்தனை எண்கள் இருக்கின்றன என்று கேட்பார்கள். வாய் ‘ஐந்து’ என்று துடிக்கும். அதை அடக்கி ‘மூன்று’ என்று சொல்ல வேண்டும். மனக்கட்டுப்பாட்டை அளக்கும் சோதனை இது.

முடிவு 2013 ஆகஸ்டில் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. வடிவப் புதிரில் அறுவடைக்கு முன் சராசரியாக 4.35 விடைகள் சரி. அறுவடைக்குப் பின் 5.45. எண் விளையாட்டை முடிக்க முன்பு 146 வினாடி, பின்பு 131 வினாடி. தவறுகளும் குறைந்தன. இந்த இரண்டு காலங்களுக்கு நடுவே அந்த வீடுகளில் என்ன மாறியது என்பதற்கும் கணக்கு எடுத்திருந்தார்கள். அறுவடைக்கு முன் எதையாவது அடகு வைத்திருந்தவர்கள் 78 சதவீதம். பின்பு 4 சதவீதம். கடன் வைத்திருந்தவர்கள் முன்பு 99 சதவீதம், பின்பு 13. அறுவடைக்கு முன் காதும் கழுத்தும் மூளியாக இருக்கும் என்பதை விழுப்புரத்து அடகுக் கடைக்காரர் எந்த ஆய்வும் இல்லாமல் சொல்லிவிடுவார். ஆனால் தலைக்குள்ளும் ஏதோ அடகுக்குப் போகிறது என்று அவர் சொல்லியிருக்க மாட்டார்.

இங்கே சந்தேகப்படத் தெரிந்தவர் உடனே கேட்பார்: அறுவடைக்கு முன் வெயில் காலமோ, பண்டிகைக் காலமோ, வயலில் பாடு அதிகமோ? அதனால்தான் களைத்துப் போனார்களோ? இந்தக் கேள்விக்கு விடை சொல்லக் கரும்பைவிடப் பொருத்தமான பயிர் கிடைப்பது அரிது. நெல் என்றால் வட்டாரமே ஒரே பருவத்தில் அறுக்கும். கரும்பை அப்படி வெட்ட முடியாது. ஆலையின் அரவைத் திறன் ஒரு அளவுதான். வெட்டிய கரும்பு காத்திருந்தால் எடையும் சர்க்கரையும் குறையும். அதனால் பதிவு செய்த விவசாயிகளுக்கு ஆலை முறை வைத்துக் கட்டிங் ஆர்டர் கொடுக்கிறது. பக்கத்து வயல்காரருக்கு முன்கூட்டியே வந்துவிடும். இவருக்குச் சில மாதம் கழித்து வரும். ஆக, காலண்டரில் ஒரே மாதத்தில் ஊரில் ஒருவர் பணக்காரர், அடுத்தவர் ஏழை. அந்த மாதத்து வெயிலும் திருவிழாவும் இருவருக்கும் பொது. உணவுச் செலவையும் பார்த்தார்கள். அறுவடைக்கு முன் பட்டினி இல்லை. முதல் தடவை பழகியதால் இரண்டாம் தடவை நன்றாகச் செய்தார்களோ என்ற ஐயத்துக்காக நூறு பேரை முன்கூட்டியே ஒதுக்கி, அறுவடைக்குப் பின் மட்டும் சோதித்தார்கள். ஆய்வின் முடிவைவிட இந்த ஏற்பாடுதான் எனக்கு அழகாகத் தெரிகிறது. சர்க்கரை ஆலையின் வரிசைப் பட்டியல், யாரும் திட்டமிடாமலே, ஒரு பரிசோதனைக்கூடமாகிவிட்டது.

ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம் எளியது. மனத்தின் கவனம் அளவுள்ளது. கடன்காரர் நாளைக்கு வருவார், மூத்தவளுக்கு பீஸ் கட்டணும், தோட்டை மீட்கக் கெடு நெருங்குகிறது என்று அடிமனத்தில் ஓடிக்கொண்டே இருந்தால், முன்னால் இருக்கும் புதிருக்கு மிஞ்சும் கவனம் குறைவு. ஏழைகள் புத்தி குறைந்தவர்கள் என்று எந்த இடத்திலும் அவர்கள் சொல்லவில்லை. அந்த நிலையில் யாரை வைத்தாலும் அப்படித்தான் ஆகும் என்பது அவர்கள் வாதம். அதே கட்டுரையில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஒரு வணிக வளாகத்துக்கு வந்தவர்களிடம் செய்த சோதனையும் இருந்தது. கார் ரிப்பேருக்கு 150 டாலர் செலவு என்று கற்பனை செய்யச் சொன்னபோது வசதியுள்ளவர், இல்லாதவர் இருவருமே புதிரை ஒரே மாதிரி போட்டார்கள். 1500 டாலர் என்றதும் வசதி இல்லாதவர்களின் மதிப்பெண் சரிந்தது. பண நெருக்கடி 13 ஐ.க்யூ. புள்ளிகளைத் தின்றுவிடுகிறது என்று பத்திரிகைகள் தலைப்பு வைத்தன. ஓர் இரவு தூங்காமல் இருப்பதற்குச் சமம் என்ற ஒப்பீடும் கூடவே வந்தது.

தலைப்புகளுக்கு அப்புறம் வந்த விஷயம் பலருக்குப் போய்ச் சேரவில்லை. வணிக வளாகச் சோதனையில் ஆட்களை ‘ஏழை’, ‘பணக்காரர்’ என்று நடுவில் கோடு போட்டுப் பிரித்த முறையால்தான் வித்தியாசம் அவ்வளவு பளிச்சென்று தெரிகிறது, வருமானத்தை வருமானமாகவே வைத்துக் கணக்கிட்டால் அது மங்குகிறது என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் அந்த ஆண்டே எழுதினார்கள். 2016இல் கார்வாலோ, மையர், வாங் ஆகிய மூவர், அமெரிக்காவில் வருமானம் குறைந்தவர்களைச் சம்பள நாளுக்கு முன்பும் பின்பும் சோதித்தார்கள். சிந்தனைத் திறனில் வித்தியாசம் தென்படவில்லை. 2021இல், பற்றாக்குறையின் உளவியல் பற்றி வெளியான இருபது ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது பெரும்பாலானவை பழைய முடிவைத் தரவில்லை. ஆய்வகத்தில் உட்காரவைத்து ‘ஏழையாகக் கற்பனை செய்துகொள்’ என்று சொல்வதில் எனக்கு ஆரம்பத்திலிருந்தே நம்பிக்கை இல்லை. ஏழ்மை அப்படிக் கற்பனைக்கு வந்து போகிற சரக்கில்லை. ஆனால் சம்பள நாள் ஆய்வைக் கரும்பு ஆய்வுக்கு மறுப்பாக எடுப்பதிலும் சிக்கல் இருக்கிறது. மாதச் சம்பளக்காரரின் கடைசி ஐந்து நாளும், கட்டிங் ஆர்டருக்குக் காத்திருக்கும் ஐந்து மாதமும் ஒரே தராசில் வைக்கக் கூடியவை இல்லை. நம் முதல் வீட்டு அரசு ஊழியருக்குப் புதிர் போடுவதில் சிரமம் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

இந்தச் சண்டையில் எனக்கு அதிகம் எடுபடும் சான்று ஒடிசாவிலிருந்து வருகிறது. அங்கே குங்கிலிய இலையைத் தைத்துத் தட்டு செய்யும் வேலைக்கு, வேலை கிடைக்காத மாதங்களில் ஆட்களை அமர்த்தினார்கள் சுப்ரீத் கௌர், முல்லைநாதன், சூவன்னா ஓ, ஃபிராங்க் ஷில்பாக் ஆகிய ஆய்வாளர்கள். இரண்டு வாரம் வேலை. தைத்த தட்டுக்கு ஏற்பக் கூலி. எல்லோருக்கும் கூலி விகிதம் ஒன்றே. ஆனால் குலுக்கல் முறையில் பாதிப் பேருக்குச் சேர்ந்த பணத்தைச் சில நாள் முன்னதாகவே கொடுத்தார்கள். மீதிப் பேருக்கு ஒப்பந்த முடிவில். முன்னதாக வாங்கியவர்கள் செய்த முதல் காரியம், கடன் அடைத்தது. மறுநாள் முதல் அவர்கள் தைத்த தட்டுகள் ஏறத்தாழ 7 சதவீதம் கூடின. வசதி மிகக் குறைந்தவர்களிடம்தான் இந்த ஏற்றம் முக்கியமாகத் தெரிந்தது. அவர்களின் தையலில் தவறும் குறைந்தது. இலை வீணாவதும் குறைந்தது. கூலியில் ஒரு பைசா கூடவில்லை. தேதி மட்டும் மாறியது. தட்டு தைப்பது ஐ.க்யூ. சோதனை இல்லை, அன்றாடப் பிழைப்பு. அதில் தெரியும் 7 சதவீதத்தை, தலைப்புச் செய்தியான 13 புள்ளியைவிட நான் நம்புவேன்.

சரி, எப்போது என்ற கேள்வியிலிருந்து யாரிடம் என்ற கேள்விக்கு வருவோம். காய்கறிக்கார அம்மாவிடம் திரும்பினால் அது புரியும்.

தண்டல் கணக்கு நம் ஊர்களில் பலவிதம். வழக்கமான ஒரு கணக்கு: பத்தாயிரம் எழுதிக்கொண்டு ஒன்பதாயிரம் கையில் தருவார்கள்; தினம் நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். ஆயிரம் ரூபாய்தானே வட்டி, பத்து சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் அசல் நாளுக்கு நாள் கரைந்துகொண்டே வருகிறது. கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி சுமார் 77 சதவீதம். இதைவிடக் கொடியது காலையில் வாங்கி மாலையில் கட்டும் கடன். சென்னை கோயம்பேடு சந்தையில் இப்படி வாங்கும் வியாபாரிகளைப் பற்றி முல்லைநாதனும் ஷாஃபிரும் எழுதியிருக்கிறார்கள். ஆயிரம் ரூபாய்க்குச் சரக்கு எடுத்து ஆயிரத்து நூறுக்கு விற்கும் அம்மா, நாளொன்றுக்கு 5 சதவீத வட்டியாக ஐம்பதைக் கொடுத்துவிட்டு ஐம்பதோடு வீடு திரும்புகிறார். அவர் தினம் ஐந்து ரூபாய் ஒதுக்கி, அதைத் தன் சொந்த முதலாகப் போட்டு, குறையும் வட்டியையும் அதிலேயே சேர்த்து வந்தால், 50 நாளில் கடனே தேவைப்படாது. நீங்களும் போட்டுப் பார்க்கலாம். அவர்கள் எழுதிய காலத்தில் ஒரு டீயின் விலை. ஏன் செய்வதில்லை?

சோம்பல், அறியாமை, குடி என்று பதில் சொல்ல நம்மிடையே ஆட்களுக்குப் பஞ்சமில்லை. டீன் கார்லன், முல்லைநாதன், பெஞ்சமின் ராத் ஆகியோர் வேறு வழியில் சோதித்தார்கள்: சென்னையிலும் பிலிப்பைன்ஸிலும் சந்தை வியாபாரிகள் சிலருடைய கடனை மொத்தமாக அடைத்துவிட்டு என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். கொஞ்ச காலம் கடன் இல்லாமல் இருந்தார்கள். போகப் போகப் பெரும்பாலோர் மறுபடியும் கடனுக்குள் வந்துவிட்டார்கள். ஒரு காய்ச்சல், ஒரு மொய், மழையில் அழுகிய ஒரு கூடைத் தக்காளி போதும். கையில் சேமிப்பு இல்லாதபோது சின்னச் செலவும் பெரிய செலவாகிவிடுகிறது. இது ஒரு பாதி விளக்கம். மீதிப் பாதியை எண் கணக்கில் தேடினால் கிடைக்காது.

மூலக்குளத்திலிருந்து ஆறேழு கிலோமீட்டர் கிழக்கே, கடற்கரையை ஒட்டி, செயின்ட் லூயி தெருவில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. 1955இல் தொடங்கியது. ஓலைச்சுவடிகளுக்கும் தாவரத் தொகுப்புக்கும் பேர் போன இடம். அங்கிருந்து பொருளாதார ஆய்வாளர் இசபெல் கெரானும் ஜி. வெங்கடசுப்ரமணியனும் சக ஆய்வாளர்களும் விழுப்புரம், கடலூர் மாவட்டக் கிராமங்களில் பல ஆண்டுகள் கடனைப் பின்தொடர்ந்தார்கள். 2010இல் 405 குடும்பங்களைக் கணக்கெடுத்தார்கள்; அதன் பிறகும் அதே பகுதிக்குத் திரும்பத் திரும்பப் போனார்கள். அவர்கள் கண்டதில் எனக்கு முக்கியமாகப் படுவது இது: கடன் வாங்குபவர்கள் கடன்களை வட்டி விகிதப்படி வரிசைப்படுத்துவதில்லை. மரியாதைப்படி வரிசைப்படுத்துகிறார்கள்.

மச்சானிடம் வாங்கும் கைமாத்துக்கு வட்டி கிடையாது. ஆனால் அடுத்த பொங்கல் வரை அவர் முன் தலை குனிந்து நிற்க வேண்டும். நம் வீட்டுப் பெண்ணை அவர் வீட்டில் யார் என்ன சொன்னாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஊர்ப் பெரிய மனிதரிடம் வாங்கினால் அவர் வயலில் கூப்பிட்ட நேரத்துக்குப் போக வேண்டும், தேர்தல் வந்தால் அவர் சொல்லும் பக்கம் நிற்க வேண்டும். தன்னைவிடத் தாழ்ந்ததாக ஊர் கருதும் சாதியாரிடம் வாங்குவது சிலருக்குச் சாவுக்குச் சமம். பெண்களுக்கு இன்னொரு கணக்கு: எந்த ஆணிடம் வாங்கினாள் என்று தெரு பேசும். கெரான், சந்தோஷ் குமார், வெங்கடசுப்ரமணியன் மூவரும் 2023இல் வெளியிட்ட ‘தி இன்டெப்டட் வுமன்’ என்ற நூல் முழுக்க இந்தக் கணக்கைப் பற்றியது. குடும்பத்தின் கடனை வாங்குவதும் பெண், கட்டுவதும் பெண், அவமானம் வந்தால் தாங்குவதும் பெண் என்பதை அது வீடு வீடாகக் காட்டுகிறது. இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் தண்டல்காரரின் 77 சதவீதத்தில் ஒரு பங்கு, ‘உன்னிடம் வேறெதுவும் கேட்க மாட்டேன்’ என்பதற்கான விலை. காசு கொடுத்தால் முடிந்தது. மச்சானிடம் முடியாது.

பகுத்தறிவில்லாத செயலாகத் தெரிந்த இன்னொன்றும் இங்கே விளங்குகிறது. ஒரு கடனை வாங்கி இன்னொன்றை அடைப்பார்கள், ‘ரொட்டேஷன்’ என்று அவர்களே சொல்வார்கள். குழுக்கடனை வாங்கி நகையை மீட்டு, நகையை வேறிடத்தில் வைத்துத் தண்டலை முடித்து, தண்டலைத் திறந்து குழுவின் வாரத் தவணையைக் கட்டுவது. வட்டிக் கணக்கில் இது நஷ்டம். ஆனால் எந்த ஆளிடம் எத்தனை நாள் முகம் கொடுக்க முடியும், யாரைக் கோபப்படுத்தக் கூடாது, எவரை அடுத்த கல்யாணத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கணக்கு அதற்குள் ஓடுகிறது. கரும்பு விவசாயியின் கவனத்தை அறுவடைக்கு முன் எது தின்கிறது என்று ‘சயின்ஸ்’ கட்டுரை அளக்கவில்லை. கவனம் குறைந்தது என்று மட்டும் அளந்தது. அதைத் தின்பது ஆட்களைப் பற்றிய இந்தக் கணக்குதான் என்பது என் எண்ணம். வடிவப் புதிரைவிட அது கடினமான புதிர். அதைத் தினமும் போடுகிறவர்களுக்கு மதிப்பெண் கொடுக்க ஒரு சோதனைத் தாளும் இல்லை.

பணத்தின் அளவை மட்டும் பார்த்துத் தேதியையும் உருவத்தையும் மறந்தால் என்ன ஆகும் என்பதற்குப் புதுச்சேரியிலேயே ஓர் உதாரணம் உண்டு. 2015இல், உணவு மானியத்தைத் தானியமாகக் கொடுக்காமல் வங்கிக் கணக்கில் பணமாகப் போடும் சோதனைக்கு ஒன்றிய அரசு தேர்ந்தெடுத்த இடங்களில் இதுவும் ஒன்று. பின்னாளில் புதுச்சேரி அரசின் இலவச அரிசியையும் பணமாகவே கொடுக்க வேண்டும் என்று துணைநிலை ஆளுநர் கிரண் பேடி நின்றார். அரிசியாகத்தான் கொடுப்போம் என்று நாராயணசாமி அமைச்சரவை நின்றது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. ரேஷன் கடைகள் வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்து, 2024 அக்டோபரில், தீபாவளிக்குச் சற்று முன் திறந்தன. அரிசியும் அதன் விலையும் சமம் என்று பொருளியல் பாடம் சொல்லும். பணம் என்றால் விருப்பப்பட்டதை வாங்கலாம், அது இன்னும் நல்லது என்றும் சொல்லும். சொல்தா வீட்டுக்கு அது சரி. சித்தாள் வீட்டில் கணக்கில் விழும் பணத்துக்கு முன்னால் வரிசையில் நான்கு பேர் நிற்கிறார்கள். அரிசி மூட்டையைத் தண்டல்காரர் தவணைக்கு எடுத்துக்கொள்ள மாட்டார், மச்சான் கைமாத்துக் கேட்க மாட்டார். மக்கள் அரிசி கேட்டதை அரசியல் தூண்டுதல் என்று ஒதுக்கியவர்கள், அந்த மூட்டைக்கு யாரும் கை வைக்க முடியாத குணம் இருந்ததைக் கவனிக்கவில்லை.

கரும்புக்கு வருகிறேன். 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, கரும்பு ஆலைக்கு வந்த 14 நாளுக்குள் விவசாயிக்குப் பணம் போய்ச் சேர வேண்டும். தாமதித்தால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டியுடன் தர வேண்டும். ‘சயின்ஸ்’ ஆய்வில் ‘அறுவடைக்குப் பின்’ என்பது பணம் கைக்கு வந்த பின் என்றே பொருள்பட்டது. ஆனால் வயலில் வெட்டுக்கும் பணத்துக்கும் நடுவே பல மாதங்கள் ஓடியதுண்டு. நிலுவைத் தொகைக்காக ஆலை வாசலில் உட்காரும் விவசாயிகளின் படம் விழுப்புரம், கடலூர் பக்கப் பத்திரிகைகளுக்குப் புதிதில்லை. புதுச்சேரியின் லிங்காரெட்டிப்பாளையம் கூட்டுறவு ஆலை ஓட்டத்தையே நிறுத்திவிட்டது. சட்டம் சொல்லும் 15 சதவீதம் ஒழுங்காக வந்தாலும், அந்த இடைக்காலத்தை ஓட்ட ஊரில் மூன்று வட்டிக்கு வாங்கியவர் ஆண்டுக்கு 36 சதவீதம் கட்டுகிறார். நடுவில் இருக்கும் 21 சதவீதம் எந்த ஆலைக் கணக்கிலும் ஏறுவதில்லை. விவசாயிதான் அதைக் கட்டுகிறார்.